உக்கிராண அறையில் தொடங்கும் விருந்து
தென்கொரியா கொரோனாவை எதிர்கொண்ட கதை, அடுப்படி வழியாக

என் பெரியப்பா கல்யாண சமையல் மாஸ்டர். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் உக்கிராண அறைக் கதவைத்தான் திறப்பார். பருப்பு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். புளியை முகர்ந்து பார்ப்பார். கேஸ் சிலிண்டரை லேசாகத் தூக்கி எடை பார்ப்பார். அடுப்பு பற்றவைக்க அதற்கப்புறம் ஐந்தாறு மணி நேரம் இருக்கும். "இலைல உக்காந்தவனுக்குத்தான் இன்னிக்கு சாப்பாடு. நமக்கு அது நேத்தே முடிஞ்சிருக்கணும்" என்பார்.

2020-ல் கொரோனா பரவியபோது எந்த நாடு என்ன செய்தது என்று படிக்கப் படிக்க, அவருடைய அந்தப் பேச்சுதான் எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. பெருந்தொற்றை ஓர் அரசு சமாளிக்கும் விதத்தை விளக்கப் புகுந்தால் துறைகளும் சட்டங்களும் சுருக்கப் பெயர்களுமாகத் தலை சுற்றும். ஆயிரம் இலை போடும் சமையற்கட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கோ அதில் பெரும்பாலானவை தெரிந்த வேலைகள்தான். தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை விருந்தைக் கெடுத்துக்கொண்டு, ஐந்து வருடம் கழித்து அதே அடுப்படியில் மறுபடி நிமிர்ந்து நின்ற நாடு அது.

பால் எப்போது பொங்கும்?

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கட்டும். மேலே மெல்லிய ஏடு படியும். கீழிருந்து வரும் நீராவியை அந்த ஏடு மூடி வைத்திருக்கும். திரும்பி ஒரு டம்ளரை எடுப்பதற்குள் பாத்திரம் வழிந்து அடுப்பு அணைந்திருக்கும்.

தொற்று பெருகுவதும் இப்படித்தான். நோயாளிகளின் எண்ணிக்கை மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவரில் தொடங்கினால் பதினைந்தாம் நாள் 32 பேர். முப்பதாம் நாள் 1,024 பேர். அறுபதாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். தீயைக் குறைக்க வேண்டிய நாள் அந்தப் பதினைந்தாம் நாள். அன்றைக்கு ஊரில் 32 பேர்தான் படுத்திருப்பார்கள். "இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு கையைத் தீக்குழாயின் திருகில் வைத்திருப்பதுதான் பொதுச் சுகாதாரத்தில் மிகக் கடினமான வேலை. மூன்று நாள் முந்தினால் பாதி ஆட்களைக் காப்பாற்றலாம். மூன்று நாள் பிந்தினால் இரண்டு மடங்கு கட்டில் வேண்டும்.

கெட்டுப்போன பந்தி

தென்கொரியா அந்த மூன்று நாள் கணக்கை அடிபட்டுத்தான் கற்றது. 2015 மே மாதம் மேற்காசியாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல். ஒரு மருத்துவமனை மாற்றி இன்னொன்று என்று அலைந்தார். மே 20 அன்றுதான் அது மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் என்று உறுதியானது. அதற்குள் அவர் படுத்திருந்த வார்டுகளில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் அவர்களைப் பார்க்க வந்த உறவினர்களுக்கும் ஒட்டிவிட்டது. நோயாளியோடு குடும்பமே மருத்துவமனையில் தங்கிப் பார்த்துக்கொள்வது கொரியாவிலும் வழக்கம். கிருமிக்கு அது வசதியாகப் போயிற்று.

அதைவிடப் பெரிய தவறு வேறு. எந்தெந்த மருத்துவமனையில் நோய் பரவுகிறது என்று அரசுக்குத் தெரியும். ஊர் பயப்படும் என்று நினைத்துப் பெயர்களை மறைத்தது. ஜூன் 7 அன்றுதான் வெளியிட்டது. சாம்பார் கெட்டுவிட்டது என்று தெரிந்தும், கல்யாண வீட்டார் மனம் கோணுமே என்று அடுத்த பந்திக்கும் அதையே ஊற்றியது போன்ற காரியம். கடைசிக் கணக்கில் 186 பேருக்கு நோய், 38 பேர் மரணம். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள்.

பெரியப்பாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. கல்யாணம் முடிந்து எல்லோரும் பாயை விரித்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து அன்றைய தவறுகளை எழுதுவார். "இரண்டாம் அண்டா உப்பு கம்மி." "வடைக்கு உளுந்து பத்தலை, இருபது இலைக்கு வைக்கலை." பாராட்டை எழுத மாட்டார். கொரியா எழுதிய நோட்டு மெர்ஸ் வெள்ளை அறிக்கையாகவும் சட்டத் திருத்தங்களாகவும் வந்தது. எங்கே பரவுகிறது என்பதை மக்களுக்குச் சொல்வது அரசின் கடமை என்று எழுதினார்கள். நோய்ப் புலனாய்வாளர்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நெருக்கடி நேரத்தில் தனியார் நிறுவனங்களின் பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி தர வழி செய்தார்கள். அன்றைக்கு அவை செய்தியில் நாலு வரி பெற்றிருந்தாலே அதிகம்.

முதல் நாள் ராத்திரி

2019 டிசம்பர் 17 அன்று கொரிய நோய்த்தடுப்பு மையத்தின் நிபுணர்கள் கூடி ஓர் ஒத்திகை நடத்தினார்கள். கற்பனையாக ஒரு குடும்பம். சீனாவுக்குப் போய்த் திரும்புகிறது. காரணம் தெரியாத நிமோனியா. என்ன செய்வீர்கள்? இரண்டே வாரத்தில், டிசம்பர் 31 அன்று, ஊஹான் நகரில் காரணம் தெரியாத நிமோனியா என்ற தகவல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எட்டியது. ஜோசியம் பார்த்து வைத்த ஒத்திகை இல்லை. பழைய நோட்டைப் புரட்டியவர்களுக்கு அடுத்த விருந்து எந்த வாசல் வழியாக வரும் என்ற உத்தேசம் இருந்தது.

2020 ஜனவரி 20 அன்று முதல் நோயாளி இஞ்சோன் விமான நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். ஒரே வாரத்தில், ஜனவரி 27 அன்று, சந்திரப் புத்தாண்டு விடுமுறை என்றும் பாராமல் அதிகாரிகள் இருபதுக்கும் மேற்பட்ட மருந்துத் தொழில்நுட்ப நிறுவனங்களை சோல் ரயில் நிலையத்துக்கு வரவழைத்தார்கள். பரிசோதனைக் கருவி வேண்டும், உடனே வேண்டும், சரியாக இருந்தால் அனுமதி தாமதமாகாது என்றார்கள். அப்போது நாடு முழுவதும் உறுதியான நோயாளிகள் ஒரு கையின் விரல்களுக்குள். பிப்ரவரி 4 அன்றே முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது.

பால் இன்னும் ஏடு கட்டாத நேரம் அது. உக்கிராண அறை நிரம்பிவிட்டது.

ஒரு சோறு பதமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது பலிப்பதற்குக் காரணம், பானை முழுக்க ஒரே கொதி. எந்தப் பருக்கையை எடுத்தாலும் மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கும். ஊர் அப்படிப்பட்ட பானை கிடையாது. ஒரு தெருவில் கொதிக்கும், அடுத்த தெரு ஆறிக் கிடக்கும். அங்கே ஒரு பருக்கையைத் தொட்டுவிட்டுப் பதம் சொன்னால் ஏமாந்து போவோம். கரண்டியை ஆழத்தில் விட்டு, பல இடத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் பரிசோதனையின் எண்ணிக்கை முக்கியமாகிறது.

பரிசோதனை எப்படி வேலை செய்கிறது? மூக்கின் ஆழத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கும் சளியில் கிருமி மிகக் கொஞ்சமாக இருக்கும். ஒரு அண்டா ரசத்தில் ஒரு துணுக்குப் பெருங்காயம் விழுந்ததா என்று கண்டுபிடிப்பது போல. பிசிஆர் முறை அந்தத் துணுக்கைத் தேடி அலையாது, அதைப் பெருக்கிக் காட்டும். கிருமியின் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு பகுதி இருந்தால் மட்டும் அது ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்று முடியும்போது ஒன்று நூறு கோடியைத் தாண்டியிருக்கும். அந்தப் பகுதி இல்லாவிட்டால் எத்தனை சுற்று ஓட்டினாலும் ஒன்றும் பெருகாது. உறை மோர் விழுந்த பால்தானே தயிராகும்?

பிப்ரவரி 18 அன்று தேகு நகரில் 31-ஆம் நோயாளி உறுதியானார். அவர் ஷின்சோன்ஜி என்ற மதக் குழுவின் நெருக்கமான கூட்டு வழிபாடுகளுக்குப் போய் வந்திருந்தார். அதோடு பால் பொங்கியது. பிப்ரவரி 29 அன்று ஒரே நாளில் 909 பேர். கருவி இருக்கிறது, வரிசையும் இருக்கிறது. ஆனால் மருத்துவமனை அறையில் ஒருவருக்குப் பரிசோதனை முடித்தால் அறையைச் சுத்தம் செய்து காற்றை மாற்றிவிட்டுத்தான் அடுத்தவரை விட முடியும். காத்திருப்பவர்களோ மூடிய கூடத்தில் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்போது வந்த யோசனை எளிமையானது. சாப்பிட வந்தவரைச் சமையற்கட்டுக்குள் விடாதே, வாசலில் வைத்தே பார்த்து அனுப்பு. திறந்த வெளியில் கூடாரம் போட்டார்கள். கார் வந்து நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும். உடல் முழுக்கக் கவசம் போட்ட செவிலியர் பேரைக் கேட்டு, காய்ச்சல் பார்த்து, மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு எடுப்பார். கண்ணாடி ஏறும், கார் போய்விடும். மொத்தம் பத்து நிமிடம். காருக்குள் இருந்தவரின் மூச்சு காருக்குள்ளேயே இருக்கும், அடுத்தவருக்காகக் கழுவ வேண்டிய அறை என்று ஒன்றே இல்லை. மார்ச் மாதப் பாதிக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் பரிசோதனைகள் முடிந்திருந்தன.

மொய் நோட்டு

கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்று சந்தேகம் வந்தால் மொய் நோட்டைப் புரட்டுவோம். தொற்றுத் தடம் தேடுவதும் அந்த வேலைதான். நோயாளி எந்தப் பந்தியில், யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று தெரிந்தால், பக்கத்து இலைக்காரர்களை மட்டும் எழுப்பித் தனியாக உட்காரவைக்கலாம். தெரியாவிட்டால் மண்டபத்தையே பூட்ட வேண்டிவரும்.

மனித ஞாபகம் கிழிந்த நோட்டு. போன வியாழக்கிழமை மத்தியானம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் வராது. ஆகவே கொரியப் புலனாய்வாளர்கள் நோயாளியின் பேச்சோடு கடன் அட்டைக் கணக்கையும் கைபேசியின் இருப்பிடத் தகவலையும் கண்காணிப்புக் கேமராவையும் சேர்த்துப் பார்த்தார்கள். மெர்ஸுக்குப் பிறகு திருத்திய சட்டம் அதற்கு அனுமதித்தது. மார்ச் 26 முதல் இந்தத் தகவல்களை ஒரே இடத்தில் சேர்க்கும் கணினி அமைப்பு வந்தது. ஒரு நாளுக்கு மேல் பிடித்த வேலை பத்து நிமிடத்துக்குள் வந்தது.

ஆனால் மொய் நோட்டை ஊர் நடுவில் ஒலிபெருக்கியில் படிப்பது வேறு விஷயம். நோயாளிகள் எந்த நேரத்தில் எந்தக் கடைக்கு, எந்த விடுதிக்குப் போனார்கள் என்று வெளியான விவரங்களை வைத்து, பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துத் தூற்றினார்கள். மார்ச் 9 அன்று கொரியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் இதைக் கண்டித்தது. பிறகு நெறிமுறைகள் மாறின. மே மாதம் சோல் நகரின் இடேவோன் கேளிக்கை விடுதிகளில் தொற்று பரவியபோது அங்கே போனவர்கள் வெளியே வரப் பயந்தார்கள். அவற்றில் சில பால்புதுமையர் கூடும் இடங்கள், அவர்களை இழிவாகப் பேசும் கூச்சல் அவ்வளவு இருந்தது. அதனால் பெயர் சொல்லாமலே பரிசோதித்துக்கொள்ளலாம் என்றார்கள், ஆட்கள் வந்தார்கள். வெட்கப்படுத்தினால் நோயாளி ஒளிந்துகொள்வார், அவரோடு கிருமியும் ஒளிந்துகொள்ளும். இதை நான் பெருந்தொற்றின் மிக முக்கியமான பாடங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

எந்த அண்டா எந்த அடுப்பில்

கோட்டை அடுப்பு நான்குதான் இருக்கிறது. அதில் ஒன்றில் வெந்நீர் வைத்துவிட்டுச் சோற்று உலையை ஓரத்து ஸ்டவ்வில் ஏற்றினால் எந்த மாஸ்டரும் கத்துவார். தேகுவில் நடந்தது அதுதான். ஆரம்பத்தில் தொற்று உறுதியான எல்லோரையும் மருத்துவமனையில் சேர்ப்பது விதி. லேசான தொண்டை வலிக்காரர்கள் கட்டில்களை நிரப்பினார்கள். மார்ச் தொடக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் வீட்டில் கட்டிலுக்காகக் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்தபோதே சிலர் இறந்தார்கள்.

உடனே விதியை மாற்றினார்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சின் வேகம், காய்ச்சல், நினைவு நிலை ஆகியவற்றைப் பார்த்து நோயாளிகளை நான்கு நிலையாகப் பிரித்தார்கள். கடுமையானவர்களுக்கே மருத்துவமனை. லேசானவர்களுக்கு அரசும் பெரிய நிறுவனங்களும் கொடுத்த பயிற்சி மையங்களும் தங்கும் விடுதிகளும். மார்ச் 2 அன்று அத்தகைய முதல் மையம் தேகுவில் திறந்தது. அங்கே மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள், தினமும் காய்ச்சல் பார்ப்பார்கள், நிலைமை மோசமானால் வண்டி தயார். புதிய மருத்துவமனை கட்ட அவகாசம் இல்லாத நேரத்தில், கட்டில்களைச் சரியான ஆளுக்குக் கொடுத்ததே புதிய கட்டில்களை உண்டாக்கியதற்குச் சமம்.

எல்லா இலைக்கும் வடை

பத்தாது என்று தெரிந்தால் முதல் பந்திக்காரர்கள் இரண்டு வடை கேட்பார்கள். கடைசிப் பந்திக்கு ஒன்றும் இருக்காது. முகக்கவசத்துக்கும் அதே கதி. அரசு உற்பத்தியில் பெரும்பகுதியைத் தானே வாங்கி மருந்துக் கடைகள் வழியாக விற்றது. மார்ச் 9 முதல் ஆளுக்கு வாரம் இரண்டு, ஒன்று 1,500 வோன். பிறந்த ஆண்டின் கடைசி எண்ணை வைத்து நாள் பிரித்தார்கள். 1-லோ 6-லோ முடிந்தால் திங்கள், 2-லோ 7-லோ முடிந்தால் செவ்வாய். ஒரே ஆள் இரண்டு கடையில் வாங்க முடியாதபடி கணினியில் பதிவு. எந்தக் கடையில் எவ்வளவு இருப்பு என்ற தகவலை அரசு திறந்துவிட்டது, இளைஞர்கள் அதை வைத்துக் கைபேசிச் செயலிகள் செய்து கொடுத்தார்கள். தனக்கும் ஒரு வடை உண்டு என்று நம்பிக்கை வந்துவிட்டால் யாரும் முண்டியடிக்க மாட்டார்கள். அந்த முறையை ஜூலையில் முடித்துக்கொண்டார்கள்.

பந்தி விசாரிப்பு

நல்ல விருந்தில் ஒருவர் வெறுங்கையோடு பந்தியைச் சுற்றி வருவார். "சாம்பார் வருது, ரெண்டு நிமிஷம்" என்பார். அவர் முகத்தைப் பார்த்தே இலைக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கொரியாவில் அந்த வேலையைச் செய்தவர் நோய்த்தடுப்பு மையத்தின் தலைவர் ஜங் உன்-கியோங். மெர்ஸ் காலத்தில் அதே மையத்தில் பொறுப்பில் இருந்து, பிறகு ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளானவர். கொரோனா காலத்தில் அவர் தினமும் மக்கள் முன்னால் வந்து எண்ணிக்கையைச் சொன்னார், தெரிந்ததைத் தெரியும் என்றார், தெரியாததைத் தெரியாது என்றார். 2020 செப்டம்பரில் அந்த மையம் தன்னதிகாரமுள்ள முகமையாக உயர்ந்தபோது அவரே முதல் தலைவரானார்.

நம்பிக்கை எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஏப்ரல் 15 ஒரு சாட்சி. நாடாளுமன்றத் தேர்தலை அவர்கள் தள்ளிவைக்கவில்லை. வாக்குச்சாவடி வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள். கையுறை கொடுத்தார்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்தினார்கள். தனிமைப்படுத்தப்பட்டவர்கள் மற்றவர்கள் போன பிறகு மாலையில் வந்து வாக்களித்தார்கள். பதிவான வாக்கு 66.2 சதவீதம். நாடு முழுவதையும் வீட்டுக்குள் பூட்டாமல் அந்த வருடத்தைக் கடந்தார்கள். ஐந்து கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டில் 2020 முடியும்போது கொரோனாவால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

அடிப்பிடித்த இடங்கள்

எல்லாம் மணக்க மணக்க முடிந்தது என்று எழுதினால் அது பொய். தடுப்பூசி வாங்குவதில் தாமதமாகி, 2021 பிப்ரவரி 26 அன்றுதான் போடத் தொடங்கினார்கள். கட்டுப்பாடுகளின் சுமை சின்ன உணவகக்காரர்கள் தலையில் அதிகம் விழுந்தது. தேகுவில் வீட்டிலேயே இறந்தவர்களை எந்தப் புள்ளிவிவரமும் திருப்பிக் கொடுக்காது. இங்கே என் உவமையும் நின்றுவிடுகிறது. அடிப்பிடித்த சாதத்தை ஒதுக்கிவிட்டு வேறு உலை வைக்கலாம். மனிதரை அப்படி ஒதுக்க முடியாது.

2022 மார்ச் 17 அன்று கொரோனாவின் திரிபான ஒமைக்ரானின் வேகத்தில் ஒரே நாளில் ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. பழைய மொய் நோட்டு முறை அங்கே செல்லாது. அதற்குள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஆகவே எல்லோரையும் தேடுவதை விட்டு, வயதானவர்களையும் நோய் முற்றும் ஆபத்து உள்ளவர்களையும் கவனிப்பதற்கு ஆட்களைத் திருப்பினார்கள். முதல் இரண்டு வருடம் தீயைக் குறைத்து வைத்திருந்தது இந்த நாளுக்காகத்தான். பால் கடைசியில் பொங்கியது. ஆனால் பாத்திரம் அதற்குள் பெரிதாகியிருந்தது.

நோட்டை யார் எழுதுகிறார்கள்?

பெருந்தொற்று முடிந்ததும் நாம் எல்லோரும் அதை மறக்கவே ஆசைப்பட்டோம். எனக்கும் அந்த ஆசை உண்டு. அந்த வருடங்களில் நான் வழியனுப்பப் போக முடியாத சாவுகள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அவற்றில் ஒன்று பெரியப்பாவுடையது.

அவருடைய நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களில் எந்தக் கல்யாணம், யார் வீட்டு மாப்பிள்ளை என்ற விவரம் எதுவுமில்லை. என்ன குறைந்தது, எவ்வளவு குறைந்தது, அடுத்த முறை எவ்வளவு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் "உளுந்து ரெண்டு படி கூட" என்று இருக்கிறது. அதற்கடுத்த கல்யாணத்தின் பக்கத்தில் வடையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கொரியா 2015-ல் எழுதியதும் 2020-ல் படித்ததும் அப்படிப்பட்ட நோட்டுதான். நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்களிடம் எத்தனை கட்டில் போட்டீர்கள், எத்தனை ஊசி போட்டீர்கள் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கூடவே இதையும் கேட்க வேண்டும்: போன முறை எது குறைந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.